கூட்டத்துக்கு வந்தவரா, வேலைக்கு வந்தவரா?

2025 செப்டம்பர் 4, வியாழக்கிழமை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவானா நகருக்குப் பக்கத்து ஊரான எல்லாபெல். ஹூண்டாயும் எல்ஜி எனர்ஜி சொல்யூஷனும் கூட்டாகக் கட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஆலைக்குள் குடியேற்றத் துறை அதிகாரிகள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். கையில் இருந்த தேடுதல் ஆணையில் நான்கே நான்கு பேரின் பெயர்கள்தான் இருந்தன. பிடிபட்டவர்களோ 475 பேர். அதில் 317 பேர் தென் கொரியர்கள்.

அந்தத் துறையே எடுத்து வெளியிட்ட வீடியோவை ஊர் உலகமெல்லாம் பார்த்தது. ஒளிரும் பாதுகாப்பு ஜாக்கெட் போட்ட ஆட்கள் பேருந்தின் பக்கவாட்டில் கைகளை ஊன்றி வரிசையாக நிற்கிறார்கள். இடுப்பைச் சுற்றி ஒரு சங்கிலி. அதோடு சேர்த்து மணிக்கட்டுகளைப் பூட்டுகிறார்கள். கீழே கணுக்காலிலும் விலங்கு. அரையடி அரையடியாகக் காலை எடுத்து வைத்துப் பேருந்தில் ஏறுகிறார்கள். போதைப்பொருள் கடத்தியவர்கள் அல்ல. பேட்டரி தயாரிக்கும் இயந்திரங்களைப் பொருத்தி, ஓட்டிப் பார்த்து, சரிசெய்து கொடுக்க கொரியாவிலிருந்து வந்த டெக்னீஷியன்கள்.

அவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் எஸ்டா எனப்படும் இணைய முன்அனுமதியில் வந்தவர்கள். விசாவே எடுக்காமல் 90 நாள் வரை வந்துபோக, தென் கொரியா போன்ற சில நாட்டவருக்கு அமெரிக்கா தரும் சலுகை அது. மற்றவர்களில் பெரும்பாலோரின் பாஸ்போர்ட்டில் பி-1 விசா இருந்தது. சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குக் கீழே அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் கோப்பைக் கட்டிக்கொண்டு நிற்கும் நம்மூர்க்காரர்கள் ‘பிசினஸ் விசா’ என்று சொல்வதும் இதைத்தான்.

ஒரு வாரம் ஃபோக்ஸ்டன் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். பூசணம் பிடித்த மெத்தைகள், ஒரே அறையில் அறுபது எழுபது பேர், குளிர் என்று கொரியப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. கடைசியில் கொரியன் ஏர் விமானம் ஒன்று அட்லாண்டா வந்து 330 பேரை ஏற்றிக்கொண்டு செப்டம்பர் 12 அன்று இஞ்சியோனில் இறக்கியது. 316 பேர் கொரியர்கள். மீதி 14 பேர் சீனா, ஜப்பான், இந்தோனேசியாவைச் சேர்ந்தவர்கள். ஒரே ஒரு கொரியர் மட்டும் அமெரிக்காவிலேயே இருந்து வழக்கைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தங்கிவிட்டார்.

இந்த விவகாரத்தை ட்ரம்ப் அரசின் கெடுபிடி என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடித்தார்கள். ஆனால், சிக்கலுக்கு வயது நூறு. மீட்டிங்குக்கு வருகிறேன் என்று சொல்லி வந்தவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கலாமா, எத்தனை மணி நேரம் எடுக்கலாம், யார் சம்பளம் கொடுத்தால் எடுக்கலாம் என்பதில் பல நாடுகள் தெளிவான கோடு போடவில்லை. போடாமல் இருப்பதில் கம்பெனிகளுக்கு லாபம், அரசுகளுக்கும் வசதி. நஷ்டம் பாஸ்போர்ட்டை நீட்டுகிறவருக்கு மட்டும்.

நயாகராவில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்

1920-களில் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தினமும் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் ஆட்கள் ஏராளம். 1924-ல் அமெரிக்கா புதிய குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. அதில் ‘தற்காலிகமாக வணிகத்துக்கோ இன்பத்துக்கோ வருகிறவர்கள்’ குடியேறிகள் அல்ல என்று விலக்கு கொடுத்திருந்தார்கள். நயாகரா அருவி இருக்கும் எல்லையைத் தாண்டி இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஸ்காட்லாந்தில் பிறந்த பெண், நூற்பாலைத் தொழிலாளி. இன்னொருவர் இத்தாலியில் பிறந்தவர். கூலி வேலைக்குப் போய்வருவதும் வணிகம்தானே என்பது அவர்கள் வாதம். 1929-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இல்லை என்றது. அமெரிக்கத் தொழிலாளியின் வேலையைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டமே வந்தது. கூலிக்கு உழைக்க வருவதை அந்த விலக்குக்குள் நுழைத்துவிட்டால் சட்டத்துக்கே அர்த்தம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இது வரைக்கும் கோடு நேராகத்தான் போகிறது. அதை வளைத்தவர் ஒரு தையல் கம்பெனி ஆள்.

அறுபதுகளில் ஹாங்காங் தையல் கம்பெனிகள் அமெரிக்க ஊர்களுக்கு ஆள் அனுப்பும். வந்தவர் இஞ்சு டேப்பை எடுத்து வாடிக்கையாளரின் மார்பு, தோள், கை நீளம் எல்லாம் அளந்து, துணி மாதிரியைக் காட்டி, ஆர்டரை எழுதிக்கொண்டு ஹாங்காங்குக்கு அனுப்புவார். கோட் சூட் அங்கே தைக்கப்பட்டுத் தபாலில் வரும். அப்படி வந்த ஒருவரை, நீ செய்வது வேலை என்று சொல்லி நாட்டைவிட்டு அனுப்பப் பார்த்தார்கள். ‘ஹீரா வழக்கு’ என்று குடியேற்ற வழக்கறிஞர்கள் இன்றும் சொல்லும் அந்த வழக்கில், மேல்முறையீட்டு வாரியம் அவர் பக்கம் நின்றது. 1966-ல் அட்டர்னி ஜெனரலும் அதை உறுதிசெய்தார். அளவெடுப்பது உழைப்புதான். ஆனால், கம்பெனி இருப்பது ஹாங்காங்கில், தைப்பது ஹாங்காங்கில், லாபம் சேர்வதும் ஹாங்காங்கில். அளவெடுப்பது அந்த வெளிநாட்டு வியாபாரத்தின் ஒரு பகுதி. ஆகவே, வணிக விசா செல்லும்.

பி-1 விசாவில் இன்றைக்கு எது சரி, எது தப்பு என்று யார் சண்டை போட்டாலும் கடைசியில் இந்த இரண்டு தீர்ப்புகளில் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கையால் உழைத்தாயா என்று கேட்பது நயாகரா வழி. காசு எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்பது ஹாங்காங் வழி. எல்லாபெல் டெக்னீஷியன்களைப் பார்த்து அதிகாரிகள் முதல் கேள்வியைக் கேட்டார்கள். கொரியக் கம்பெனிகள் இரண்டாவது கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருந்தன.

இயந்திரம் விற்றவர்கள் அதைப் பொருத்திக் கொடுக்க ஆள் அனுப்பலாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் கையேடே சொல்கிறது. நிபந்தனைகள் உண்டு. இயந்திரத்தை அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கம்பெனியிடம் வாங்கியிருக்க வேண்டும். பொருத்துவதும் பழுது பார்ப்பதும் விற்றவர் பொறுப்பு என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். வருகிறவருக்கு அந்த இயந்திரம் பற்றிய தனித் திறமை இருக்க வேண்டும். சம்பளம் அமெரிக்காவிலிருந்து வரக் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தாலும் கட்டுமான வேலை செய்யக் கூடாது. கட்டுமானத்தை மேற்பார்வை பார்க்கலாம், உள்ளூர்த் தொழிலாளிக்குக் கற்றுக்கொடுக்கலாம். 

ஒரு பேட்டரி ஆலைக்குள் இது எப்படி நடைமுறைக்கு வரும்? எலெக்ட்ரோடு பூசும் இயந்திரம் கப்பலில் பாகம் பாகமாக வருகிறது. அதைத் தூக்கி நிறுத்தத் தரையில் துளை போட வேண்டும். துளை போடுவது கட்டுமானமா, பொருத்துவதா? கேபிள் இழுப்பது? தலைக்கு மேலே குழாய் பொருத்துவது? மேற்பார்வை பார்க்க வந்தவர், உள்ளூர் ஆளுக்குப் பிடிபடவில்லை என்று தானே ஒரு போல்ட்டை முடுக்கிக் காட்டினால்? தொழிற்சாலையில் கால் வைத்த எவருக்கும் தெரியும், மேற்பார்வை என்பதில் பாதி கையில் கிரீஸ் படுவதுதான்.

வேறு விசா எடுத்திருக்கலாமே?

கேட்கத் தோன்றும் கேள்விதான். எச்-1பி இருக்கிறதே என்பார்கள். ஆண்டுக்கு 85,000 பேருக்குத்தான் இடம். மார்ச் மாதம் பதிவு, குலுக்கல், விழுந்தால் அக்டோபர் முதல் தேதியிலிருந்து வேலை. அதுவும் பட்டப்படிப்பு தேவைப்படும் வேலைக்கு. ஆறு வாரம் வந்து லைனை ஓட்டிக் கொடுத்துவிட்டுப் போகிற டிப்ளமோ ஃபிட்டருக்கு அது எந்தப் பிரயோஜனமும் இல்லை. கைது நடந்த அதே மாதம் 19-ஆம் தேதி, புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வேறு வந்தது. 

எல்-1 என்று ஒன்று உண்டு. கம்பெனிக்குள்ளேயே இடம் மாறுகிறவர்களுக்கு. எல்ஜியின் சொந்த ஊழியருக்கு அது பொருந்தலாம். ஆனால், அன்றைக்கு எல்ஜியின் நேரடி ஊழியர்களாகப் பிடிபட்டவர்கள் 47 பேர்தான். இயந்திரம் செய்து கொடுத்த ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள் 250 பேர் அளவில். அமெரிக்காவில் கிளையே இல்லாத சிறு கம்பெனிக்கு அது உதவாது. இடம் மாற்றுவதற்கு அங்கே இடமே இல்லை.

அமெரிக்காவோடு தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் போட்ட ஆஸ்திரேலியாவுக்கு ஆண்டுக்கு 10,500 தனி விசாக்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். சிங்கப்பூருக்கு 5,400, சிலிக்கு 1,400. தென் கொரியாவுடனான ஒப்பந்தம் 2012-லேயே நடப்புக்கு வந்தது. விசா ஒதுக்கீடு பூஜ்யம். கொரியர்களுக்கு 15,000 வேலை விசா தர வேண்டும் என்கிற மசோதாவை 2013 முதல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். ஒருமுறைகூட நிறைவேறவில்லை. 

இன்னொரு பக்கம், முதலீடு செய் முதலீடு செய் என்று நெருக்கடி. ஹூண்டாய் அந்த வளாகத்தில் அறிவித்த கார் ஆலைக்கு 760 கோடி டாலர். பேட்டரி ஆலைக்கு 430 கோடி டாலர். ஜார்ஜியா அரசு வரிச்சலுகைகளை அள்ளிக் கொடுத்து வரவேற்றது. தேர் வேண்டும், வடம் பிடிக்கிற ஆள் மட்டும் ஊருக்குள் வரக் கூடாது என்றால் தேர் எப்படி நகரும்? கைது நடந்த சில நாட்களில் ஹூண்டாயின் தலைமை நிர்வாகி ஹோசே முன்யோஸ், ஆலை வேலை குறைந்தது இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகும் என்றார். இந்தக் கொரியர்களை அங்கேயே இருந்து அமெரிக்கர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லலாமா என்று வாஷிங்டனில் யோசித்ததால்தான் விமானமே ஒரு நாள் தாமதமானது. சங்கிலி போட்ட பிறகு வந்த ஞானம்!

கம்பெனிகளும் இதில் பால்குடி மறவாத குழந்தைகள் அல்ல. எஸ்டா விண்ணப்பம் பத்து நிமிட வேலை. விசாவுக்குச் செலவு, நேர்காணல், நிராகரிப்பு பயம். ‘எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள்’ என்கிற ஒரு வாக்கியத்தை நம்பி, வருடக்கணக்காக ஆட்களை ஏற்றி அனுப்பினார்கள். விமான நிலைய அதிகாரிகளும் பல வருடங்கள் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளாமல் விட்டதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டது பெரிய தப்பு.

2011 நவம்பரில் அலபாமா மாநிலத்தில் ஒரு சம்பவம். மெர்சிடிஸ் ஆலையைப் பார்க்க வந்த ஜெர்மானிய மேலாளர் ஒருவர், வாடகைக் காரில் போகும்போது பிடிபட்டார். அவரிடம் இருந்தது ஜெர்மனி அடையாள அட்டை மட்டும். அப்போதுதான் அந்த மாநிலம் கடுமையான குடியேற்றச் சட்டம் போட்டிருந்தது. காவலர் சட்டப்படி அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். உடன் பணியாற்றுபவர் ஓடிப்போய் பாஸ்போர்ட்டை எடுத்துவந்து காட்டிய பிறகு விட்டார்கள். அமெரிக்கர்களே வெட்கப்பட்ட அந்தச் சம்பவம் அன்றே சொல்லிவிட்டது: முதலீட்டை அழைக்கும் அலுவலகமும் ஆளைப் பிடிக்கும் அலுவலகமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

நம்மூர் கதை

கொரியர்களைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டு நகரும் இடத்தில் நாம் இல்லை. பி-1 விசாவை வைத்து நடந்ததிலேயே பெரிய வழக்கு ஒன்று இந்திய ஐடி துறையைச் சேர்ந்தது. 2011-ல் இன்ஃபோசிஸ் மீது அதன் அமெரிக்க ஊழியர் ஒருவரே அலபாமாவில் வழக்குப் போட்டார். எச்-1பி எடுக்க வேண்டிய வேலைக்கு பி-1 விசாவில் ஆட்களை வரவழைக்கிறார்கள் என்பது புகார். அரசும் விசாரணையில் இறங்கியது. 2013 அக்டோபரில் 3.4 கோடி டாலர் கட்டி நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அன்றைய தேதிக்கு விசா விவகாரத்தில் அவ்வளவு பெரிய தொகையை யாரும் கட்டியதில்லை. ஊழியர் ஆவணங்களைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்ட நிறுவனம், விசாவைத் தவறாகப் பயன்படுத்தினோம் என்பதைக் கடைசி வரை மறுத்தது.

அந்தச் சமரச ஆவணத்தில் அரசு முன்வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்றைப் படித்தபோது ஐடி துறையில் இருந்த பலரும் தலையைக் குனிந்து சிரித்திருப்பார்கள். பயணம் போகிறவர்களுக்கு ‘செய்ய வேண்டியவை, கூடாதவை’ என்று ஒரு குறிப்பு போனதாம். அதிகாரி கேட்டால் டிசைன், டெஸ்டிங், கன்சல்டிங் என்று வேலை மாதிரி காதில் விழும் எதையும் சொல்லாதே. ஒப்பந்தக் கட்டணம் பற்றிப் பேசாதே என்ற மாதிரி அறிவுரை. அழைப்புக் கடிதத்தில் ‘மீட்டிங்’, ‘டிஸ்கஷன்’. போய் இறங்கியதும் புரோகிராம் எழுது, டெஸ்ட் பண்ணு. சென்னை ஓஎம்ஆரில் இரண்டாயிரங்களின் முற்பாதியில் வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் இந்த மாதிரி ஒரு மூன்று மாத ‘மீட்டிங்’ கதை கிடைக்கும்.

அதன் பிறகு பெரிய ஐடி கம்பெனிகளில் பயணத்துக்கு முன் சட்டப் பிரிவின் ஒப்புதல், சரிபார்ப்புப் படிவம் எல்லாம் வந்துவிட்டன. ஆனால், சிறு கம்பெனிகளில் இன்னும் ஆன்சைட் மேனேஜர் வாட்ஸ்அப்பில் ‘வா, வந்து டிப்ளாய் பண்ணிக் கொடுத்துட்டுப் போ’ என்று அனுப்பிவிடுகிறார். விமான நிலையத்தில் அமெரிக்க எல்லை அதிகாரி சந்தேகப்பட்டால் போனைத் திறக்கச் சொல்லலாம். அழைப்புக் கடிதம் ஒன்று சொல்லும். வாட்ஸ்அப் வேறு சொல்லும். அவர் எதை நம்புவார்?

பத்து வருட விசா கையில் இருக்கிறது என்று தெம்பாக இருப்பவர்களுக்கும் ஒன்று. விசா வாங்கியதால் உள்ளே விட்டுவிடுவார்கள் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உள்ளே விடுவதா, எத்தனை நாளுக்கு விடுவது என்பதை முடிவுசெய்வது இறங்கும் விமான நிலையத்தில் கூண்டில் உட்கார்ந்திருப்பவர். அவர் பதிவுசெய்யும் ஐ-94 தேதிதான் கணக்கு. விசா 2035 வரை செல்லும் என்றாலும் ஐ-94 மூன்று வாரம் என்றால் மூன்று வாரம். பேச்சில் சந்தேகம் வந்து தனியறைக்கு அனுப்பினால், நல்ல நேரமாக இருந்தால் ‘நானே திரும்பிப் போகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த விமானம் ஏறலாம். கெட்ட நேரமென்றால் உடனடி வெளியேற்ற உத்தரவு. அதன் பிறகு ஐந்து வருடம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

விசா வாங்குவதும் சுலபமாகிவிடவில்லை. கோவிட் முடிந்து தூதரகங்கள் திறந்தபோது, முதல்முறை பி-1, பி-2 கேட்பவர்களின் காத்திருப்பு நம் ஊரில் ஆயிரம் நாளை நெருங்கியது. பாங்காக்கில் போய் நேர்காணல் கொடுங்கள், அங்கே சீக்கிரம் கிடைக்கும் என்று 2023 தொடக்கத்தில் அமெரிக்கத் தூதரகமே சொல்ல, வசதியுள்ளவர்கள் அப்படியும் போனார்கள். 2025 செப்டம்பரில், சொந்த நாட்டிலோ சட்டப்படி வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள். கட்டணம் 185 டாலர். அதற்கு மேல் 250 டாலர் ‘விசா நேர்மைக் கட்டணம்’ ஒன்றை 2025 ஜூலைச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். விண்ணப்பித்துவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றபடியே சில நிமிடம் பேச வேண்டும். ‘திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிடுவாய்’ என்று சட்டமே முதலில் சந்தேகப்படுகிறது. இல்லை என்று நிரூபிப்பது விண்ணப்பதாரர் பொறுப்பு. கட்டிக்கொண்டு போன கோப்பை அதிகாரி பெரும்பாலும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

கண்காட்சிக்குப் போகும் ஏற்றுமதியாளர்களுக்கு இந்தக் கோடு கொஞ்சம் தெளிவு. ஸ்டாலில் சாம்பிளை விரித்து வைக்கலாம், விலை பேசலாம், ஆர்டர் எடுக்கலாம். சரக்கு கரூரிலோ திருப்பூரிலோ தயாராகி வர வேண்டும். அந்த ஹாங்காங் டேப் ஆள் போட்ட வழி அது. ஆனால், கடைசி நாள் மாலையில் சாம்பிள் துண்டுகளைத் திருப்பிச் சுமப்பானேன் என்று அந்த ஸ்டாலிலேயே விற்றுக் காசு வாங்கினால், அது உள்ளூர் வியாபாரம். பி-1 அதற்கு இடம் தராது. பேராசிரியர்களுக்கு இன்னும் விசித்திரமான கணக்கு. பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்றி மதிப்பூதியம் வாங்கலாம். ஒரு நிறுவனத்தில் ஒன்பது நாளுக்கு மேல் கூடாது, ஆறு மாதத்தில் ஐந்து நிறுவனங்களுக்கு மேல் கூடாது. இந்த ஒன்பதும் ஐந்தும் ஆறும் எந்த ஜோசியர் குறித்துக் கொடுத்ததோ!

நாமும் இதையே செய்தோம்

அமெரிக்காவைத் திட்டுவதற்கு முன்னால் 2009-ஐ நினைத்துக்கொள்வது நல்லது. அந்த வருடம் இந்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. வணிக விசாவில் வந்து திட்டப் பணியிடங்களில் வேலை செய்துகொண்டிருக்கும் வெளிநாட்டவர் அக்டோபர் 31-க்குள் நாடு திரும்பி, வேலை விசா எடுத்துக்கொண்டு வர வேண்டும். குறி சீனர்கள் மேல்தான். மின் நிலையங்களிலும் எஃகு ஆலைகளிலும் சீன இயந்திரங்களோடு சீனத் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் வந்திருந்தார்கள். நம் ஆளுக்குக் கிடைக்க வேண்டிய வேலை என்கிற குரல் இங்கேயும் எழுந்தது. நயாகராவில் அமெரிக்க நீதிபதிகள் சொன்ன அதே காரணம்.

வேலை விசாவுக்கு ஆண்டுச் சம்பளம் 25,000 டாலருக்கு மேல் இருக்க வேண்டும் என்று அடுத்து ஒரு நிபந்தனை வந்தது. மொழிபெயர்ப்பாளர், அந்தந்த நாட்டுச் சமையல்காரர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. சீன ஹோட்டல் சமையல்காரர் வரலாம், பாய்லர் வெல்டர் வர முடியாது என்றாகிவிட்டது. நாம் சங்கிலி போடவில்லை, கெடு கொடுத்தோம் என்பது பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. மற்றபடி குழப்பம் ஒன்றேதான்.

2020 ஜூனில் கல்வான் மோதலுக்குப் பிறகு சீனர்களுக்கு விசா கிடைப்பதே அரிதாகிவிட்டது. இயந்திரம் துறைமுகம் வந்து சேர்ந்துவிடும். ஓட்டிக் காட்டுகிறவர் வர மாட்டார். மின்னணு, காலணி, சூரியத் தகடு ஆலைக்காரர்கள் டெல்லிக்கு நடையாய் நடந்தார்கள். உற்பத்தி ஊக்கத் திட்டத்தின் கீழ் வரும் ஆலைகளுக்கான தொழில்நுட்ப ஆட்களுக்கு வணிக விசாவை விரைந்து தர 2024-ல் அரசு வழிசெய்தது. சீனாவிடமிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்று தொடங்கிய ஆலையை ஓட்டிக் காட்டவும் சீன டெக்னீஷியனே தேவைப்பட்டார்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-ல் கட்டத் தொடங்கி 1998-ல் முதல் சான்ட்ரோ காரை வெளியே விட்டது. இரண்டே வருடத்துக்குள் ஒரு வெறும் நிலம் கார் ஆலையாக மாறியதென்றால், கொரியப் பொறியாளர்கள் அங்கே பக்கத்தில் நின்று கைகொடுத்ததால்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய எழுத்தில் தொங்கும் ஹோட்டல் போர்டுகள் அவர்கள் வந்து தங்கிய கதையைச் சொல்லும். இன்றைக்கு அந்த ஆலையில் பெரும்பாலான வேலையை நம் ஆட்களே செய்கிறார்கள். கற்றுக்கொடுக்க வருகிறவனை வேலையைப் பறிக்க வருகிறவன் என்று பார்க்காமல் இருந்ததில் நமக்கு நஷ்டம் ஏற்படவில்லை.

இப்போது என்ன நிலை?

எல்லாபெல் கைதுகளுக்குப் பிறகு, 2025 செப்டம்பர் 30 அன்று வாஷிங்டனில் அமெரிக்க, கொரிய அதிகாரிகள் உட்கார்ந்து பேசினார்கள். முதலீட்டுத் திட்டத்துக்காக வாங்கிய இயந்திரங்களைப் பொருத்தவும் பராமரிக்கவும் பழுது பார்க்கவும் பி-1 விசாவில் வரலாம், எஸ்டாவிலும் வரலாம் என்று அமெரிக்கத் தரப்பு உறுதி சொன்னது. முதலீட்டாளர்களின் விசா கேள்விகளுக்கென்று சியோல் அமெரிக்கத் தூதரகத்தில் தனி மேசை போட்டார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சிலருக்கு விசா மீண்டும் செல்லும் என்று சொல்லப்பட்டு, அவர்கள் அதே ஆலைக்குத் திரும்பியதாகவும் செய்திகள் வந்தன.

சொன்னது எதுவும் புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. பொருத்தலாம், பராமரிக்கலாம், பழுது பார்க்கலாம் என்பது கையேட்டில் ஏற்கெனவே இருந்ததுதான். சட்டம் ஒரு எழுத்துகூட மாறவில்லை. கட்டுமானம் எங்கே முடிந்து பொருத்துவது எங்கே ஆரம்பிக்கிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 15,000 விசா மசோதா இன்னும் தூங்குகிறது. கொரியாவுக்காவது 1,000 கோடி டாலருக்கு மேல் முதலீடு, அதை நிறுத்துவேன் என்று சொல்லும் பலம் இருக்கிறது. பேச ஒரு ஜனாதிபதி இருக்கிறார். ஏற்றிவர ஜம்போ விமானம் இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து நூற்பாலை இயந்திரமோ பம்போ விற்ற கம்பெனி ஒன்று, எரெக்‌ஷனுக்கு அனுப்பும் இரண்டு ஃபிட்டர்கள் எங்காவது இப்படி மாட்டினால்?

அவர்களுக்கு இன்றைக்கு உதவக்கூடியது காகிதம் மட்டும்தான். போகிற ஊரில் விடுதி, சாப்பாடு எல்லாம் பார்த்துக்கொள்கிறோம் என்று முதலாளி சொல்வது போதாது. இயந்திரத்தை விற்ற ஒப்பந்தத்தில், பொருத்திக் கொடுப்பது எங்கள் பொறுப்பு என்று சொல்லும் பத்தி இருக்கிற பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பத்தியே ஒப்பந்தத்தில் இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லலாம். மார்க்கெட்டிங் ஆள் அதை ஒரு திருத்தமாகச் சேர்த்து இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட ஒரு வாரம் ஆகும். சம்பளம் இங்கே கணக்கில் ஏறுகிறது என்பதற்கு மூன்று மாதச் சீட்டு. என்ன செய்யப் போகிறோம் என்று அழைப்புக் கடிதத்தில் உள்ளபடியே எழுதச் சொல்ல வேண்டும்: ட்ரையல் ரன் என்றால் ட்ரையல் ரன், பயிற்சி என்றால் பயிற்சி, ‘டிஸ்கஷன்’ வேண்டாம். கூடவே, அந்தப் பக்கம் வாங்கிய கம்பெனியில் ராத்திரியிலும் போனை எடுக்கக்கூடிய ஒருவரின் பெயரும் எண்ணும் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் இருக்கட்டும். போனை முதலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.